கடைசிப் பக்கங்களைப் படிக்காதவர்கள்

ஒரு நூலை முழுமையாகப் படிக்காமலே அதற்குத் தீர்ப்பெழுதும் வழக்கம் இலக்கிய உலகிற்குப் புதிதன்று. ஆயினும் ஜப்பானிய நாவலாசிரியர் ஷூசாக்கு எண்டோ எழுதிய 'மௌனம்' என்னும் நாவலுக்கு நேர்ந்தது சற்று விசித்திரமானது. அதைக் கண்டிப்பவர்களும் முழுதாகப் படிப்பதில்லை. கொண்டாடுபவர்களும் முழுதாகப் படிப்பதில்லை. இரு சாராரும் ஒரே பக்கத்தில் நூலை மூடி வைத்துவிட்டு, ஒருவரையொருவர் எதிர்த்து வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பக்கம் எதுவென்பது பலருக்கும் தெரியும். பதினேழாம் நூற்றாண்டின் நாகசாகி நகரில், சிறைப்பட்ட இயேசு சபைக் குரு ஒருவர் கிறிஸ்துவின் திருவுருவம் பொறித்த தகட்டின்மீது தம் பாதத்தை வைக்கிறார். பொழுது விடிகிறது, தொலைவில் சேவல் கூவுகிறது. கதை அத்துடன் முடிந்தது என்று நம்மவர் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஆனால் எண்டோ அங்கே பேனாவை வைக்கவில்லை. அதற்குப் பின்னும் கதை தொடர்கிறது. அதற்கும் பின்னால், ஓர் அரசாங்க அலுவலரின் நாட்குறிப்பு என்ற பெயரில் உயிரற்றவைபோல் தோன்றும் சில பக்கங்கள் இருக்கின்றன. நாவலின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது என்பது நம் துணிபு.

கண்டிப்பவர்கள் சொல்வது என்ன? மறுதலித்த குருவை நாயகனாக்கிய நூல் இது. வேதசாட்சிகள் சிந்திய இரத்தத்தை இழிவுபடுத்துகிறது. தளர்ந்த விசுவாசத்திற்குச் சாக்குப்போக்குக் கற்றுத்தருகிறது. ஆகவே பங்கு நூலகத்தில் இதற்கு இடமில்லை என்கிறார்கள். 1966-இல் நூல் வெளிவந்தபோது ஜப்பானியக் கத்தோலிக்கர் பலர், குறிப்பாக நாகசாகிப் பகுதியினர், இதே காரணங்களுக்காக மனம் புண்பட்டனர். அவர்களுடைய புண்ணை நாம் எளிதாக எண்ணவில்லை. அவர்களுடைய முன்னோரின் கல்லறைகளைப் பற்றிய கதை அது.

கொண்டாடுபவர்கள், மார்ட்டின் ஸ்கோர்செசியின் திரைப்படம் 2016-இல் வந்தபின் பெருகியவர்கள். அன்பின்பொருட்டு விசுவாசத்தையும் துறக்கலாம் என்று எண்டோ நிறுவிவிட்டதாக அவர்கள் மகிழ்கிறார்கள். ஜப்பான் என்பது கிறிஸ்தவ நாற்று வேர் அழுகிப்போகும் சேற்று நிலம் என்று நாவலில் வரும் பேச்சை எடுத்துக்கொண்டு, கீழைநாடுகளில் மறைபரப்பே வீண் வேலை என்னும் கருத்தரங்க முடிவுக்கும் வந்துவிடுகிறார்கள். முதல் சாரார் அஞ்சுவதைத்தான் இரண்டாம் சாரார் போற்றுகிறார்கள். நூலைப் பற்றிய வாசிப்பு இருவருக்கும் ஒன்றே.

இவர்களுக்கு மறுமொழி கூறுமுன், எழுதியவர் யார் என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

எண்டோ 1923 மார்ச் 27-இல் தோக்கியோவில் பிறந்தார். குழந்தைப் பருவம் மஞ்சூரியாவின் தாலியன் நகரில் கழிந்தது. தாய் தந்தையர் மணமுறிவு கொண்டனர். 1933-இல் தாய் இரண்டு மகன்களையும் அழைத்துக்கொண்டு கோபே நகருக்குத் திரும்பி, தம் சகோதரியின் வழியாகத் திருமறையை அறிந்து கத்தோலிக்கரானார். மகனும் சிறு வயதிலேயே பவுல் என்ற பெயருடன் ஞானஸ்நானம் பெற்றார். அது தாமே தேர்ந்துகொண்ட விசுவாசமன்று, தாய் உடுத்திவிட்ட ஆடை என்று எண்டோ பிற்காலத்தில் வெளிப்படையாகவே எழுதினார். அளவு பொருந்தாத அந்த மேல்நாட்டு உடுப்பைக் கழற்றி எறிய அவர் முயன்றதுண்டு, முடியவில்லை. பிறகு அதை வெட்டித் தைத்துத் தம் உடலுக்கு ஏற்ற ஜப்பானிய ஆடையாக்குவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டார்.

உடல்நலம் குன்றியதால் போர்முனைக்குச் செல்லவில்லை. எதிரி நாட்டு மதத்தைச் சேர்ந்தவன் என்ற ஏளனத்தை மட்டும் போர்க்காலத்தில் சுமந்தார். போருக்குப் பின் வெளிநாடு சென்ற முதல் ஜப்பானிய மாணவர்களில் ஒருவராக 1950-இல் பிரான்சுக்குக் கப்பலேறி, லியோன் நகரில் மோரியாக், பெர்னனோசு முதலிய கத்தோலிக்க எழுத்தாளர்களைப் பயின்றார். நுரையீரல் நோய் அவரை 1953-இல் திருப்பி அனுப்பியது. அவ்வாண்டு இறுதியில் தாய் இறந்தார். 1955-இல் அக்குத்தாகவா பரிசு கிடைத்தது. போரின் இறுதிக் காலத்தில் கியூஷு பல்கலைக்கழக மருத்துவர்கள் அமெரிக்கப் போர்க்கைதிகளை உயிரோடு அறுத்துச் சோதித்த கொடுமையை அடிப்படையாகக் கொண்டு 'கடலும் நஞ்சும்' என்ற நாவலை எழுதினார். அதில் சிலுவையும் இல்லை, கோவிலும் இல்லை. செய்த பாவம் உறுத்தாத மனங்கள் மட்டுமே இருக்கின்றன. ஒரு குருவின் ஆண்டுத் தியான உரைகள் பத்தைக் கேட்பதைவிட அந்நாவலை ஒருமுறை படிப்பது மனச்சாட்சிக்கு நல்லது என்று சொன்னால் நம் உடன்குருக்கள் பொறுத்துக்கொள்வார்களாக.

1960-க்கும் 1962-க்கும் இடையில் மருத்துவமனையில் கிடந்தார். மூன்று அறுவைச் சிகிச்சைகள். ஒரு நுரையீரல் போயிற்று. அந்தப் படுக்கையிலிருந்து எழுந்து வந்தவர்தான் 'மௌனம்' எழுதினார். அவ்வாண்டே தனிசாக்கி பரிசு பெற்ற அந்நூலைத் தொடர்ந்து 'இயேசுவின் வாழ்வு' (1973), 'சாமுராய்' (1980), 'ஆழ்நதி' (1993) என்று நூல்கள் வந்தன. 1995-இல் நாட்டின் உயரிய பண்பாட்டு விருது அளிக்கப்பட்டது. 1996 செப்டம்பர் 29-இல் மறைந்தார். தாம் எழுதிய எத்தனையோ நூல்களுள் 'மௌனம்', 'ஆழ்நதி' இரண்டை மட்டும் தம் சவப்பெட்டியில் வைக்கச் சொல்லியிருந்தார்.

இத்தனையும் சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்லவேண்டும். ஜப்பானியப் பொதுமக்களில் மிகப் பலருக்கு அவர் துயர நாவலாசிரியராக அறிமுகமானவரே அல்லர். 'கோரியான்' என்ற வேடிக்கைப் பெயரில் பத்திரிகைகளில் நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதியவர். தொலைக்காட்சியில் காப்பி விளம்பரத்தில் தோன்றியவர். நடிப்பறியாத சாதாரண மக்களைத் திரட்டி நாடகக் குழு நடத்தியவர். கத்தோலிக்கர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லாத நாட்டில், கிறிஸ்துவின் பெயரை ஆயிரமாயிரம் வீடுகளுக்குள் கொண்டுசேர்த்தவர் இந்த விகடக்காரர். நூலகத்திலிருந்து அவரை அகற்றத் துடிக்கும் கைகள் இதை எண்ணிப் பார்த்தனவா என்று கேட்கத் தோன்றுகிறது.

இனி நாவலுக்கு வருவோம். அதன் பின்னணி கற்பனையன்று. நம் முத்துக்குளித்துறையில் உழைத்த அதே புனித பிரான்சிஸ் சவேரியார் 1549-இல் ஜப்பானில் கால்வைத்தார். அரை நூற்றாண்டுக்குள் அங்கே திருச்சபை வியக்கத்தக்கவாறு தழைத்தது. 1597-இல் நாகசாகிக் குன்றின்மேல் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டனர். 1614-இல் தொக்குகாவா ஆட்சியின் தடையாணை நாடு முழுவதற்கும் வந்தது. முதலில் எரித்தும் வெட்டியும் கொன்ற அதிகாரிகள், வேதசாட்சிகள் பெருகுவதால் விசுவாசம் பெருகுகிறது என்பதைக் கண்டுகொண்டனர். கொல்வதைவிட மறுதலிக்கச் செய்வதே பயன்தரும் என்று முறையை மாற்றினர். தலைகீழாகக் கட்டி, குழிக்குள் தொங்கவிட்டு, விரைவில் சாகாதபடி காதருகே கீறிவிட்டு, சொட்டுச் சொட்டாக இரத்தம் வடியச் செய்யும் வதை அப்படிப் பிறந்தது. 1633 அக்டோபரில், இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்நாட்டில் உழைத்த இயேசு சபைத் துணைத் தலைவர் கிறிஸ்தோவா ஃபெரெய்ரா, அக்குழியில் ஐந்து மணி நேரம் தொங்கியபின் மறுதலித்தார். சவானோ சுவான் என்ற பெயருடன் அரசின் மொழிபெயர்ப்பாளரானார்.

அச்செய்தி இயேசு சபையை உலுக்கியது. அவருடைய வீழ்ச்சிக்கு ஈடுசெய்ய வேண்டுமென்று ஜப்பானுக்குப் புறப்பட்டவர்களின் தலைவர் அந்தோணியோ ரூபினோ. இப்பெயர் நம் வாசகருக்குப் புதிதாக இருக்கலாம்; ஆனால் இவர் நம் மண்ணை மிதித்தவர். வேலூரும் சந்திரகிரியும் விஜயநகர அரசர் இரண்டாம் வெங்கடரின் ஆட்சியில் இருந்த நாள்களில் அப்பணித்தளத்தில் உழைத்து, 1608-இல் அந்நாட்டைப் பற்றி விரிவாக எழுதி அனுப்பியவர். அவர் தம் தோழர்களுடன் 1642-இல் ஜப்பானில் இறங்கினார். 1643 மார்ச்சில் நாகசாகியில் வதைபட்டு மாண்டார். அதே ஆண்டு வந்த இரண்டாம் குழுவினர் பிடிபட்டனர். வதை தாங்காமல் மறுதலித்தனர். அவர்களுள் ஒருவர் சிசிலித் தீவைச் சேர்ந்த ஜுசெப்பே கியாரா. ஒகமோத்தோ சானெமோன் என்ற ஜப்பானியப் பெயர் சூட்டப்பட்டு, எதோ நகரின் 'கிறிஸ்தவர் மாளிகை' எனப்பட்ட காவல்வீட்டில் அடைபட்டு, அங்கேயே 1685-இல் இறந்தார். எண்டோவின் நாவலில் வரும் ரொட்ரிகஸ் அடிகளாருக்கு மூலம் இவரே.

முதற்குழு வேதசாட்சிகள். இரண்டாம் குழு விழுந்தவர்கள். ஒரே சபை, ஒரே பயிற்சி, ஒரே நோக்கம். முதற்குழுவின் பெயர்கள் போற்றிப் படிக்கப்பட்டன; இரண்டாம் குழுவைப் பற்றிப் பேச்சே எழவில்லை. நாகசாகியில் ஒரு பழைய திருவுருவத் தகட்டைக் கண்டபோது, அதன் மரச்சட்டத்தில் கருத்துப் பதிந்திருந்த கால்விரல் தடங்கள் எண்டோவின் மனத்தைவிட்டு அகலவில்லை. அந்தக் கால்களுக்குரியவர்கள் மிதித்தபோது என்ன நினைத்தார்கள், வீடு திரும்பி எப்படி அழுதார்கள் என்று எந்த வரலாற்றாசிரியரும் எழுதிவைக்கவில்லை. அப்பணியைத்தான் தாம் மேற்கொண்டதாக அவர் சொன்னார்.

நாவலில் வலியவர்களுக்கு இடமில்லை என்பது பழி. கடலில் நட்ட கழுமரத்தில் கட்டுண்டு, ஏறிவரும் அலைகளுக்கிடையே பாடியபடி சாகும் மோக்கிச்சி என்ற குடியானவனை மறந்தா அப்படிச் சொல்கிறார்கள்? மூழ்கடிக்கப்படும் தம் மக்களை நோக்கி நீந்திச் சென்று தாமும் மாளும் கார்ப்பே அடிகளாரை மறந்தா? கோவாவிலிருந்து பாரசீகம் வழியாக எருசலேமுக்கும் உரோமைக்கும் தரைவழியே சென்று, அங்கே குருப்பட்டம் பெற்று, சாவதற்கென்றே தாயகம் திரும்பி, 1639-இல் குழிவதையில் மாண்ட பேத்ரோ கிபே அடிகளாரின் வரலாற்றைத் தனி நூலாக எழுதியவரும் இதே எண்டோதான். அது 1979-இல் வந்தது. திருச்சபை கிபே அடிகளாரையும் 187 தோழர்களையும் அருளாளர்களாக உயர்த்தியது 2008-இல். வேதசாட்சிகளைப் பழிப்பவர் என்ற குற்றச்சாட்டு இவற்றின்முன் எப்படி நிற்கும்?

இனி அந்த மிதிக்கும் காட்சி. இரவு முழுவதும் அறையின் வெளியே கேட்கும் ஒலியைக் காவலாளியின் குறட்டை என்று எண்ணி ரொட்ரிகஸ் எரிச்சல் கொள்கிறார். குழியில் தொங்கும் குடியானவர்களின் முனகல் அது என்று ஃபெரெய்ரா அவருக்குச் சொல்கிறார். அவர்கள் ஏற்கெனவே மறுதலித்துவிட்டவர்கள். குரு மிதிக்கும்வரை அவர்களை எடுக்கமாட்டார்கள். இந்த நிலையில் அவர் மிதிக்கிறார்.

அது சரியான செயலா? சரி என்று நாம் சொல்லமாட்டோம். எந்தச் சூழலாலும் எந்த நல்ல நோக்கத்தாலும் நல்லதாகிவிடாத செயல்கள் உண்டு என்பது திருச்சபையின் நிலையான போதனை. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1993-இல் வெளியிட்ட 'உண்மையின் சுடரொளி' என்னும் சுற்றுமடல் வேதசாட்சியத்தையே அதற்குச் சான்றாகக் காட்டுகிறது. வதை செய்தவன் குற்றவாளி. வதைபட்டவனின் பொறுப்பு அச்சத்தாலும் வேதனையாலும் பெரிதும் குறையலாம். ஆயினும் செயல் செயலே. கொண்டாடுபவர்கள் இங்கே அவசரப்பட்டு, காலை வைத்ததையே பரிசுத்தமான செயலாக்கிவிடுகிறார்கள். எண்டோ அப்படிச் செய்யவில்லை என்பதற்குச் சேவலே சாட்சி. பேதுருவின் சேவலை அங்கே கூவ வைத்தவர், அந்தச் செயலுக்கு மறுதலிப்பு என்ற பெயரைத் தவிர வேறு பெயர் தரவில்லை.

பேதுருவின் கதை சேவலோடு முடிந்ததா? முடிந்திருந்தால் நமக்குத் திருச்சபையே இல்லை.

இப்போது கடைசிப் பக்கங்கள். அலுவலரின் நாட்குறிப்பு என்று வரும் பகுதியைப் பழைய அரசாங்க ஆவண நடையில் எண்டோ அமைத்தார். கியாராவைப் பற்றிய உண்மை ஆவணங்களைத் தழுவிச் சிறிது மாற்றியிருக்கிறார். அந்நடை ஜப்பானிய வாசகருக்கே கடினம். பிற்சேர்க்கை என்று எண்ணித் தாண்டிவிட்டனர். இந்தக் குறையில் எண்டோவுக்கும் பங்குண்டு என்றே சொல்வோம். மிக முக்கியமான செய்தியை எவரும் படிக்காத நடையில் ஒளித்துவைத்தவர், படிக்கவில்லையே என்று பின்னர் வருந்தினார். தலைப்பும் அப்படியே. அவர் முதலில் வைத்த தலைப்பு வெயில் காயும் இடத்தின் மணம் என்ற பொருளுடையது. பதிப்பகத்தார் வற்புறுத்த 'மௌனம்' ஆயிற்று. இறைவன் மௌனமாக இருக்கிறார் என்பதே நூலின் செய்தி என்று உலகம் எடுத்துக்கொண்டது. மௌனத்தினூடே இறைவன் பேசுகிறார் என்பதையே தாம் எழுதியதாக அவர் பலமுறை விளக்கவேண்டியதாயிற்று.

அந்த நாட்குறிப்பு என்ன சொல்கிறது? நாகசாகி நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின், ஒகாடா சானெமோன் என்ற பெயருடன் காவல்வீட்டில் வாழும் முதிய ரொட்ரிகஸ், மேலதிகாரியின் கட்டளைப்படி மறுதலிப்புப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தார் என்று தேதியிட்டு ஒரு குறிப்பு வருகிறது. சில நாள்கள் கழித்து மீண்டும் எழுதுகிறார். மறுபடியும் எழுதுகிறார். வாசகர் இங்கே நின்று ஒரு கேள்வி கேட்கவேண்டும். ஒருமுறை மறுதலித்து முடிந்துவிட்டவனிடம், முப்பது ஆண்டுகளுக்குப் பின் அரசு எதற்காக மீண்டும் மீண்டும் மறுதலிப்புப் பத்திரம் வாங்குகிறது? முன்பு கொடுத்ததை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்பதால்தானே? விழுந்தார், எழுந்தார், வதைக்கப்பட்டு மறுபடி விழுந்தார், மறுபடி எழுந்தார். இதை அரசாங்க எழுத்தனே, தான் எதைப் பதிவுசெய்கிறோம் என்றறியாமல், பதிவுசெய்து வைத்திருக்கிறான்.

அடுத்தது கிச்சிஜிரோ. நாவலில் எல்லாரும் வெறுக்கும் மனிதன் இவன். உடன்பிறந்தவர்கள் தீயில் மாண்டபோது திருவுருவத்தை மிதித்து ஓடியவன். குருவை வெள்ளிக்காசுக்குக் காட்டிக்கொடுத்தவன். காட்டிக்கொடுத்துவிட்டுப் பின்னாலேயே அழுதுகொண்டு வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டவன். வேதகலாபனை இல்லாத காலத்தில் பிறந்திருந்தால் தானும் நல்ல கிறிஸ்தவனாகச் செத்திருப்பேன் என்று அவன் புலம்புவது, கலாபனை இல்லாத காலத்தில் பிறந்த நம்மைச் சற்றே நெளிய வைக்கவேண்டும். கிச்சிஜிரோ யார் என்று கேட்டவர்களுக்கு, நான்தான் என்று எண்டோ சொன்னார்.

இந்தக் கிச்சிஜிரோ நாட்குறிப்பில் வருகிறான். காவல்வீட்டில் முதியவருக்கு ஊழியனாக இருக்கிறான். அவன் கழுத்துப் பையைச் சோதித்தபோது திருவுருவங்கள் கிடைக்கின்றன. பவுலும் பேதுருவும் சவேரியாரும் அவற்றில் உண்டு. எங்கிருந்து வந்தன என்று விசாரிக்கிறார்கள். தன் எசமானரை அவன் காட்டிக்கொடுக்கவில்லை. வேறொருவர் தவறவிட்டதை எடுத்துக்கொண்டதாகச் சொல்லி நிற்கிறான். முன்பு காசுக்கு விற்றவன், இப்போது உயிருக்கே ஆபத்தான நேரத்தில் வாயடைத்துக் காக்கிறான். இரண்டு வரிகளில் முடியும் இச்செய்தியைத் தாண்டிப் போனவர்கள்தாம், கோழைத்தனத்தைப் போற்றும் நூல் என்று நமக்கு எழுதுகிறார்கள்!

மிதித்ததற்குப் பின்வரும் பக்கங்களில் இன்னொரு காட்சியும் உண்டு. வெட்கித் தனித்திருக்கும் ரொட்ரிகஸிடம் கிச்சிஜிரோ வந்து பாவசங்கீர்த்தனம் கேட்கிறான், அவர் கேட்கிறார். இறையியல் பயின்றவர்களுக்கு இங்கே கேள்விகள் எழும். குருத்துவ முத்திரை அழியாதது. ஆனால் பாவமன்னிப்பு அளிக்கும் அதிகாரம் வேறு. அதை இழந்தவர் மரண ஆபத்தில் உள்ளவர்க்கு மட்டுமே செல்லத்தக்கவாறு அளிக்க இயலும். கிச்சிஜிரோ மரண ஆபத்தில் இருந்தானா? திருச்சபைச் சட்ட வகுப்பில் ஒரு மணி நேரம் விவாதிக்கலாம். தம் உடன்குருக்கள் இதைத் தேவதுரோகம் என்பார்கள் என்று ரொட்ரிகஸும் அறிந்தே இருக்கிறார். நமக்கு முக்கியமாகத் தோன்றுவது, பாவத்தைப் பாவம் என்று அறிந்து மண்டியிட ஒருவன் இருக்கிறான் என்பதே.

விழுந்தவர்களைப் பற்றிய கேள்வி திருச்சபைக்குப் பழையது. தெசியு பேரரசன் காலத்தில், கி.பி. 250-இல், பலியிட்டவர்களும், பலியிட்டதாகச் சான்றிதழ் வாங்கிக்கொண்டவர்களும் பல்லாயிரவர். கலாபனை தணிந்ததும் அவர்கள் கோவில் வாயிலில் வந்து நின்றனர். உரோமையில் நொவாசியான் கதவை அடைக்கச் சொன்னான். கார்த்தாகோ ஆயர் புனித சிப்பிரியானும் திருத்தந்தை கொர்னேலியுவும் தவம் செய்வித்துச் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். எளிதில் மன்னிக்கச் சொல்லி நெருக்கியவர்களையும் சிப்பிரியான் கண்டித்தார் என்பதை மறக்கக் கூடாது. இறுதியில் திருச்சபையைவிட்டு வெளியே நின்றவன் நொவாசியான்தான். இன்று எண்டோவின் நூலை அடைத்துவைக்கச் சொல்பவர்கள் யாருடைய குரலில் பேசுகிறார்கள் என்பதை அவர்களே தேர்ந்து தெளியட்டும்.

அப்படியானால் எண்டோவோடு நமக்குப் பிணக்கே இல்லையா? உண்டு. மேல்நாட்டார் தண்டிக்கும் தந்தையாகவே இறைவனைக் காட்டினர், ஜப்பானியருக்குத் தேவை தாயைப்போன்ற இறைவன் என்று அவர் திரும்பத் திரும்ப எழுதினார். ஊதாரி மைந்தனை ஓடிச்சென்று தழுவியவர் தந்தைதானே என்று கேட்கத் தோன்றுகிறது. 'இயேசுவின் வாழ்வு' நூலில், உடன் துன்புறும் வலுவற்ற தோழராக ஆண்டவரைக் காட்டும் ஆர்வத்தில் புதுமைகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார். நடுத்தீர்க்க வருபவரை ஏறக்குறையக் காணோம். 'ஆழ்நதி'யில், குருமடத்தாரோடு ஒத்துப்போகாத ஓட்சு, காசியில் சாகக் கிடக்கும் ஏழைகளைத் தோளில் சுமந்து கங்கைக்குக் கொண்டுசெல்கிறான். சுமக்கும் தோள் நம்மை நாணச் செய்கிறது. ஆனால் எல்லா மதங்களும் ஒரே நதியில் கலப்பதாக அவன் பேசும் பேச்சில் சிலுவையின் தனித்தன்மை கரைந்துவிடுகிறது. இவற்றையெல்லாம் வாதிடலாம், வாதிடவேண்டும். படித்துவிட்டு வாதிடுவது வேறு, படிக்கவிடாமல் தடுப்பது வேறு.

எஞ்சியிருப்பது சேற்று நிலம். கருத்தரங்குகளில் எண்டோவின் முடிவாக மேற்கோள் காட்டப்படும் அப்பேச்சு, நாவலில் யார் வாயில் வருகிறது? ஒருவர் ஃபெரெய்ரா: தம் வீழ்ச்சிக்குக் காரணம் தேடிக்கொண்டிருப்பவர். மற்றவர் இனோவே: வதைகளை வகுத்த அதிகாரி. இவ்விருவருக்கும் நிலத்தைப் பழிக்கவேண்டிய தேவை இருந்தது. அச்சந்தேகம் எண்டோவையும் ஆட்டிப்படைத்தது என்பது மெய். அதனால்தான் அப்பேச்சில் அத்தனை வலிமை. ஆனால் சந்தேகத்தைத் தீர்ப்பாக்கியவர்கள் அவருடைய வாசகர்கள்.

வரலாறு அவர்களுக்கு உதவவில்லை. குருக்கள் எவருமின்றி, வேதாகமமின்றி, நற்கருணையின்றி, நாகசாகியைச் சூழ்ந்த கிராமங்களில் மக்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் விசுவாசத்தைக் காத்தனர். தாமே ஞானஸ்நானம் கொடுத்தனர். நாள்காட்டி வைத்துத் திருநாள்களைக் கணக்கிட்டனர். 1865 மார்ச் 17-இல், நம் புதுச்சேரி மக்கள் நன்கறிந்த பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த பெத்தீழான் அடிகளார் நாகசாகியின் ஓவுரா கோவிலில் நின்றிருந்தபோது, உராக்காமி கிராமத்தார் சிலர் வந்து, தாங்களும் அதே விசுவாசத்தினர் என்று மெல்லிய குரலில் அறிவித்து, தேவமாதாவின் சுரூபம் எங்கே என்று கேட்டனர். மறைபரப்பின் வரலாற்றில் இதற்கிணையான நாள் அரிது.

இவர்கள் யாருடைய பேரப்பிள்ளைகள்? இதைத்தான் கண்டிப்பவர்களும் கொண்டாடுபவர்களும் சேர்ந்தே மறந்துவிட்டனர். நாகசாகிப் பகுதியில் 1850களின் இறுதிவரை ஆண்டுதோறும் புத்தாண்டு நாள்களில் திருவுருவத்தை மிதிக்கவேண்டும் என்பது கட்டளை. குடும்பத்தில் ஒருவர் தவறாமல் மிதித்தாகவேண்டும். மிதிக்க மறுத்தவர்கள் மாண்டார்கள், வேதசாட்சிகளாயினர். மிதித்தவர்கள் வீடு திரும்பி, கதவை அடைத்து, 'கொஞ்சிரிசான்' சொன்னார்கள். போர்த்துகீசிய மொழியிலிருந்து அவர்கள் நாவில் தேய்ந்து நின்ற சொல் அது. நம் தாய்மார் சொல்லும் உத்தம மனஸ்தாபமே அது. குரு இல்லாத இடத்தில் உத்தம மனஸ்தாபத்தால் பாவமன்னிப்புக் கிடைக்கும் என்று கற்பித்த சிறுநூல் ஒன்று 1603-இலேயே அவர்கள் மொழியில் இயற்றப்பட்டு, கைப்பிரதிகளாகத் தலைமுறை தலைமுறையாக வந்தது. ஆண்டுக்கொருமுறை மிதிப்பதும், மிதித்த இரவே மனம் வருந்தி மன்றாடுவதுமாக ஏழு தலைமுறைகள். பெத்தீழான் அடிகளார் முன் வந்து நின்றது கிச்சிஜிரோக்களின் திருச்சபை.

பின்பு அவர்கள் மிதிக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஓவுரா நிகழ்ச்சிக்குப் பின் மறைந்திருக்க மறுத்த உராக்காமி மக்கள் 1867 முதல் பிடிக்கப்பட்டு, 3,000-க்கும் மேற்பட்டோர் நாட்டின் பல பகுதிகளுக்கு நாடுகடத்தப்பட்டனர். 600-க்கும் மேற்பட்டோர் அங்கே மடிந்தனர். 1873-இல் தடைப் பலகைகள் அகற்றப்பட்டபின் எஞ்சியவர்கள் வீடு திரும்பினர். மிதித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள்.

திரும்பி வந்த அந்த ஏழைக் குடியானவர்கள் கோவில் கட்ட நிலம் தேடினர். ஊர்த்தலைவரின் பழைய வீடும் மனையும் விலைக்கு வந்தன. ஆண்டுதோறும் அவ்வூரார் வரிசையில் நின்று திருவுருவத்தை மிதித்தது அந்த வீட்டில்தான். 1880-இல் அதையே வாங்கினார்கள். 1895-இல் கட்டத் தொடங்கி, கல்லும் செங்கல்லும் தாமே சுமந்து, 1914-இல் உராக்காமிப் பேராலயத்தை அங்கே நேர்ந்தளித்தார்கள்.